வகுப்பின் முறையும் பொருளின் முறையும்

கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகும் மாணவர், ஜாவா மொழியிற் கைவைத்த சில நாட்களுள் ஓர் இடையூற்றைச் சந்திப்பர். நிரல் தொடங்குமிடமாகிய மெயின் என்னும் முறையிலிருந்து தாம் எழுதிய வேறொரு முறையை அழைத்தவுடன், ஸ்ரற்றிக் அல்லாத முறையை ஸ்ரற்றிக் இடத்திலிருந்து அழைத்தல் இயலாதெனத் தொகுப்பான் மறுக்கும். அவர்களும் அம்முறையின் தலைப்பில் ஸ்ரற்றிக் என்ற சொல்லைச் சேர்த்துவிடுவர். மறுப்பு நீங்கும். அச்சொல்லின் பொருளறியாது சேர்த்தமையால் விளையுங் கேடோ பின்னரே வெளிப்படும். பழைய மாணவருள் இத்துறையிற் பணிபுரிவோர் இதனை நன்கறிவர். இளையோர் பொருட்டே நாம் விரித்துரைக்கின்றோம்.

வகுப்பு என்றது ஈண்டுப் பள்ளிக்கூட வகுப்பன்று. ஒரே வகையான பொருள்கள் பலவற்றை ஆக்குதற்குரிய வரைவே வகுப்பாம். நோர்வே நாட்டவராகிய டால், நைகார்ட் என்னும் இருவர் அமைத்த சிமுலா 67 என்னும் மொழியில் இக்கருத்து முதன்முதல் உருப்பெற்றது. வங்கிக் கணக்கு ஒரு வகுப்பாயின், தமையன் கணக்கும் தம்பி கணக்கும் அதனின்றும் ஆக்கப்பட்ட இரு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் மீதி வேறு. தமையன் கணக்கை முன்வைத்து வைப்பிலிடு என்னும் முறையை அழைப்பின், அக்கணக்கே மறைவாக முறையினுட் சென்று, 'இது' எனப் பொருள்படும் திஸ் என்னும் பெயரால் நிற்கும். இச்சுட்டினை உடையதே பொருளின் முறை. ஸ்ரற்றிக் முறைக்கு அஃது இல்லை. அது வகுப்புக்கே உரியது.

இனி, நம் மாணவன் வைப்பிலிடு முறையை ஸ்ரற்றிக் ஆக்கினான் என்க. மீதி என்னும் மாறியை அது காணமாட்டாது. தொகுப்பான் மீண்டும் மறுக்கும். அவன் அம்மாறியையும் ஸ்ரற்றிக் ஆக்குவான். நிரல் இப்பொழுது ஓடும். ஆனால் தமையன் 500 ரூபாவும் தம்பி 200 ரூபாவும் இட்டபின் மீதியைக் கேட்பின், இருவருக்கும் 700 என்றே விடை வரும். வகுப்பு முழுமைக்கும் மீதி ஒன்றேயாயிற்றன்றோ! ஒரு கணக்கை மாத்திரம் வைத்துச் சோதித்தவனுக்கு இது புலப்படாது. பலர் ஒருங்கே பயன்படுத்தும் சேவையகங்களில் ஒருவர் தரவு மற்றவர் திரையிற் தோன்றுதற்கும் இத்தகைய பொதுமாறி காரணமாதல் உண்டு.

செய்யற்பாலது, மெயினுள்ளே பொருளொன்றை ஆக்கி அதன்வழி முறையை அழைத்தலேயாம். நிரல் தொடங்குங்கால் பொருளெதுவும் ஆக்கப்படாமையாலேயே மெயின் ஸ்ரற்றிக் ஆக வைக்கப்பட்டது. 2025 இல் வெளியான ஜாவா 25 ஆம் பதிப்போ ஸ்ரற்றிக் அல்லாத மெயினையும் ஏற்று, வேண்டிய பொருளைத் தானே ஆக்கிக்கொள்கின்றது.

ஸ்ரற்றிக் முறைகளை அறவே விலக்குக என்பது எமது கருத்தன்று. வர்க்கமூலங் காணும் முறைக்குக் கொடுத்த எண்ணேயன்றி வேறெதுவும் வேண்டா. அதற்கெனப் பொருளொன்றை ஆக்குதல் வீண் வேலை.

எனினும், ஸ்ரற்றிக் முறையை ஒரு பொருளின் பெயரை முன்னிட்டும் அழைக்க ஜாவா இடமளித்தது பொருத்தமன்று. ஒரு நிரலில் ஒருங்கே ஓடும் இழைகளுக்கு உரியது திறெட் என்னும் வகுப்பு. அதன் உறங்கு முறை ஸ்ரற்றிக் ஆகும். வேறோர் இழையின் பெயரை முன்வைத்து அதனை அழைத்தால் அவ்விழையே உறங்குமென வாசிப்போர் எண்ணுவர். உறங்குவதோ கட்டளையிட்ட இழை. வகுப்பின் பெயரையிட்டு அழைப்பின் இம்மயக்கம் எழாது. சீ ஷார்ப் மொழியில் ஸ்ரற்றிக் முறையைப் பொருளின்வழி அழைப்பின், தொகுப்பான் அதனைப் பிழையென்றே தள்ளிவிடும்.