மைக்கில் வந்த சேதி! ஊரே தப்பியது!

ராதாபுரம் வட்டாரத்தில் இடிந்தகரை, கூத்தங்குழி மீனவர்களுக்குக் காற்று, அலை பற்றிய சேதிதான் உயிர். விடியுமுன் வள்ளம் தள்ளுகிறவர் நோட்டீசு படித்துக்கொண்டா இருப்பார்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியவர்களும் உண்டு. காதில் விழுந்தால்தான் சேதி!

இதை நிரூபித்த ஊர் புதுச்சேரி பக்கம் உள்ள நல்லவாடு.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. கம்ப்யூட்டரில் வரும் அலை நிலவரத்தை ஊர்க்காரர்களே தமிழில் மைக்கில் சொல்வார்கள்.

பூட்டை உடைத்தார்கள்!

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர், சுனாமி ஆபத்தைச் சொல்ல ஊருக்குப் போன் போட்டார். மையமோ பூட்டிக் கிடந்தது! பூட்டை உடைத்து மைக்கைப் பிடித்தார்கள். ஊரே ஓடியது. வீடு, படகு போயின. ஆனால் 3,600-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை!

2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோதோ, முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மீனவர்கள் பலருக்குச் சேதி எட்டவில்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை.

இன்று ஐதராபாத் கடல் தகவல் மையம் அலை உயரத்தை முன்கூட்டியே மீட்டரில் கணித்துச் சொல்கிறது. அதைக் கரையில் நின்று, ‘ரெண்டு ஆள் உயரத்துக்கு அலை வருது, கடலுக்குப் போவாதீங்க!’ என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். ஆழ்கடலில் இருப்பவருக்கும் அது கேட்க வேண்டும்.

மைக் செட் விலை பெரிதா? உயிர் பெரிதா?