கால்வாய் அடைத்தால் யாரைக் கேட்பது?

தெரு விளக்கு, கால்வாய், அங்காடிக் கடை உரிமம், மதிப்பீட்டு வரி. இவை ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு. மக்களின் அன்றாட வாழ்க்கைக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம் இதுதான். ஆனால், மலேசியாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாததும் இதுதான். ஏன் இந்த நிலை?

முன்பு தேர்தல் இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. மலாயாவின் முதல் பொதுத் தேர்தலே அதற்குப் பிறகு, 1955இல்தான் வந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் நீடித்த வேளையில், 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன.

சில மன்றங்கள் மீது முறைகேடு புகார்களும் எழுந்தன. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1968இல் பணியை முடித்த ஆணையம், தேர்தல் தொடர வேண்டும் என்றது. மன்றங்களைச் சீரமைக்கவும் பரிந்துரைத்தது. அரசாங்கம் சீரமைப்பை மேற்கொண்டது, தேர்தலை மீட்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தேர்தல் விதிகளைச் செயலிழக்கச் செய்தது. தற்காலிகம் நிரந்தரமாயிற்று.

இதனால் அதிகாரம் மேலே நகர்ந்தது. தீபகற்பத்தில் மன்றத் தலைவரையும் 8 முதல் 24 உறுப்பினர்களையும் மாநில அரசாங்கம் நியமிக்கிறது. அப்படியானால், ஒரு மாநிலம் தானே முன்வந்து தேர்தல் நடத்தலாமா? பினாங்கு 2012இல் அதற்குச் சட்டம் இயற்றியது. மாநிலத்திற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சாவி நாடாளுமன்றத்திடமே இருக்கிறது.

தேர்தல் வந்தால் செலவு கூடும், நகரங்களில் இன அரசியல் வளரும் என்பது ஒரு தரப்பு வாதம். வரி செலுத்துபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வேண்டும் என்பது மறுதரப்பு வாதம். நியமன உறுப்பினர் தம்மை நியமித்தவருக்குப் பதில் சொல்வார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தெருவில் நிற்பவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வேறுபாடு இதுதான்.

அதுவரை மக்கள் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதே சட்டத்தின்படி மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. மதிப்பீட்டு வரிக்கான சொத்து மதிப்பை எதிர்த்து எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தங்கள் வட்டாரத்து மன்ற உறுப்பினர் யார் என்று தெரிந்து வைத்திருப்பதே அதற்கு முதல் படி.