குளத்துக்கு ஒரு மூடி

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது. பேசியவள் என் அண்ணன் மகள்.

“சித்தப்பா, குளத்துக்கு மூடி போடலாமா, வேண்டாமா? இந்த வாரத்துக்குள்ள குத்தகைக்காரருக்குப் பதில் சொல்லணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பிறந்தது தோட்டத்து லயத்தில். விடியற்காலையில் பொதுக்குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து, குளித்து, பள்ளிக்கு ஓடியவள். இன்று சிரம்பானுக்கு வெளியே சொந்த வீடு கட்டுகிறாள். வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளமும் வெட்டுகிறாள். அந்தக் குளத்துக்கு மூடியாம்! அதுவும் சாவியைத் திருப்பினால் தானாக வந்து மூடிக்கொள்ளும் மூடியாம்!

பொதுப்பணி இலாகாவில் முப்பது ஆண்டுகள் கால்வாயும் பாலமும் கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். குடும்பத்தில் சிமெண்டு சம்பந்தப்பட்ட எந்தக் கேள்வியானாலும் என்னிடம்தான் வரும். மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

நமக்கு எதற்கு நீச்சல் குளக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் கெலி மீன் வளர்க்கும் தொட்டி வைத்திருப்பவர்கள் இல்லையா? மழைநீர் பிடிக்கும் பீப்பாய் இல்லையா? தண்ணீரும் தவழும் குழந்தையும் இருக்கும் எந்த வீட்டுக்கும் இந்தக் கதை பொருந்தும்.

நான் போனபோது குழி வெட்டி முடித்திருந்தார்கள். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். வரைபடத்தில் குளம் முந்திரிக்கொட்டை வடிவத்தில் வளைந்திருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் தானியங்கி மூடிக்கு அந்த வடிவம் எதிரி.

மூடி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கேளுங்கள். லாரிக் கித்தானைப் போன்ற கனமான பி.வி.சி. விரிப்பு அது. குளத்தின் ஒரு முனையில் தரைக்குக் கீழே ஒரு பள்ளம். அதற்குள் நீண்ட உருளை. விரிப்பு அந்த உருளையில் சுருட்டிக் கிடக்கும். குளத்தின் இரண்டு பக்கங்களிலும் நெடுக அலுமினியத் தடம் பதித்திருப்பார்கள். விரிப்பின் இரு ஓரங்களும் அந்தத் தடங்களுக்குள் மாட்டியிருக்கும். மோட்டாரைப் போட்டால் கயிறுகள் விரிப்பை இழுத்துக்கொண்டு போகும். திருப்பிப் போட்டால் உருளை சுருட்டிக்கொள்ளும். சிறிய குளமானால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ரயில் ஓடத் தண்டவாளம் இணையாக இருக்க வேண்டும் அல்லவா? இதுவும் அப்படித்தான். குளம் வளைந்தால் தடம் வளையாது. வளைந்த குளத்துக்கும் கரைமேல் நேரான தடம் போட்டு மூடுகிறார்கள். ஆனால் தடம் வெளியே தெரியும், காலை இடிக்கும், மூடியும் தேவைக்கு மேல் பெரிதாகும்.

ஆகவே, “மூடி பிறகு பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கான்கிரீட் கொட்டினால் தீர்ந்தது. தடத்தைக் குளத்து விளிம்புக்கு அடியில் மறைத்து வைப்பது, உருளைப் பள்ளம், மோட்டாருக்கு மின்கம்பி செல்லும் குழாய், பள்ளத்துத் தண்ணீர் வெளியேற வடிகால், இவையெல்லாம் கான்கிரீட்டுக்கு முன்னால் முடிவாக வேண்டியவை. குத்தகைக்காரர் அவசரப்படுத்தியதில் நியாயம் இருந்தது.

மூடி விற்பனைக்கு வந்த இளைஞர் வழுவழுப்பான விளக்கத்தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் மிச்சம், சூடு மிச்சம், குளோரின் மிச்சம், குழந்தைக்குப் பாதுகாப்பு என்று நான்கு பலன்கள். நானும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தோம்.

சூடு மிச்சம் என்பது குளிர்நாட்டுக் கதை. அங்கே குளத்து நீரைக் காசு கொடுத்துச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் பெரும்பகுதி நீராவியாகத்தான் போய்விடுகிறது. மூடி போட்டால் எரிபொருள் மிச்சம். நம் நாட்டில் வெயில் இலவசமாகவே சூடாக்குகிறது. இங்கே நாள் முழுதும் மூடி வைத்தால் தண்ணீர் கஞ்சி போல வெதுவெதுப்பாகிவிடும்!

தண்ணீர் மிச்சம்? நம் பக்கத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் நான்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் ஆவியாகும். 32 சதுர மீட்டர் குளத்துக்கு அது ஏறக்குறைய 140 லிட்டர். ஆனால் கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சராசரிக் கணக்கில் போவதைவிட வருவது அதிகம். ஆக, அந்த வரியையும் அடித்தோம்.

குளோரின் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. வெயில் குளோரினைச் சீக்கிரம் அழித்துவிடும். மூடி நிழல் கொடுக்கும். இலையும் தூசியும் விழாது. ஆனால் நிறையக் குளோரின் போட்ட அன்று மூடியைத் திறந்துதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆவியே விரிப்பை அரித்துவிடும்.

விளக்கத்தாளில் இல்லாத ஒன்றும் இருந்தது. அது மழை. மாலையில் இடி மின்னலோடு 50 மில்லிமீட்டர் மழை கொட்டுவது நமக்குப் புதிதல்ல. அந்த ஒரு மழையில் இந்த மூடியின் மேல் விழும் தண்ணீர் 1,600 லிட்டர், அதாவது ஒன்றரை டன்னுக்கும் மேல். விரிப்பு கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது. அவ்வளவையும் சிறிய பம்பு வைத்து இறைத்த பிறகே மூடியைத் திறக்க முடியும். இறைக்காமல் மோட்டாரைப் போட்டால் கயிறு அறும், அல்லது மோட்டார் கெடும். அது மட்டுமா? மூடியின் மேல் தேங்கிய சில அங்குலத் தண்ணீரே ஒரு குழந்தைக்குப் போதும். ஒரு வாரம் பத்து நாள் அப்படியே கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பறந்தும் விடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பங்களா என்று பார்க்காது. உருளைப் பள்ளத்தில் தண்ணீர் நின்றாலும் இதே கதிதான்.

“அப்படின்னா மூடியே வேண்டாங்கிறீங்களா மாமா?” என்றார் மாப்பிள்ளை.

நான்காவது பலன் இன்னும் பாக்கியிருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பலனுக்கு உரியவன் மேசைக்கு அடியில் என் செருப்பை இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆன பேரன்.

தண்ணீரில் விழும் பிள்ளை கூச்சல் போடும், கையைக் காலை அடிக்கும், நாம் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சினிமாவில் அப்படி. நிஜத்தில் சிறு பிள்ளை பெரும்பாலும் சத்தமே இல்லாமல் மூழ்கிவிடுகிறது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்தும்? 2021இல் உலகம் முழுவதும் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கும் குறைந்தவர்கள்.

இந்த ஒரு காரணத்துக்காக மூடியைச் சட்டத்திலேயே எழுதிய நாடும் உண்டு. பிரான்ஸ் நாட்டில் 2003 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. தரையில் பதித்த தனியார் குளம் வைத்திருப்பவர் வேலி, எச்சரிக்கை மணி, பாதுகாப்பு மூடி, கூடாரம் இவற்றில் ஒன்றையாவது அமைக்க வேண்டும். தவறினால் 45,000 யூரோ வரை அபராதம். அமெரிக்காவில் பாதுகாப்பு மூடிக்கென்று ஏ.எஸ்.டி.எம். எப் 1346 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி, அகலமான குளத்து மூடி 485 பவுண்டு, அதாவது 220 கிலோ எடையைத் தாங்க வேண்டும். இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் மேலே நின்றாலும் உள்ளே போய்விடக் கூடாது என்பது கணக்கு. மழை விட்ட அரைமணி நேரத்தில் மேலே நிற்கும் தண்ணீர் வடிந்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கடைகளில் விற்கும் நீலநிறக் குமிழ்த்தாளையும் சிலர் குளத்து மூடி என்கிறார்கள். அதை நம்பாதீர்கள். அது தண்ணீரில் வெறுமனே மிதப்பது. காலை வைத்த பிள்ளையை அது சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஆளும் தெரியாது.

நல்ல மூடி, ஆகவே, உண்மையில் நல்ல மூடிதான். ஆனால் விலை? எங்களுக்குச் சொன்ன விலை கிட்டத்தட்ட ஒரு புதிய மைவி காரின் விலை. அதோடு நிற்கவில்லை. விரிப்பும் கயிறும் தேயும். சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். வீட்டுக் கடன், பெரியவளின் பள்ளிச் செலவு என்று மாப்பிள்ளை விரல் மடக்கினார். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பிள்ளைய விடவா காசு?” என்று அண்ணன் மகள் மெல்லக் கேட்டாள். அப்படிக் கேட்டுவிட்டால் பிறகு எந்தத் தகப்பனுக்குத்தான் வாய் வரும்?

அதுவரை அண்ணி பேசவே இல்லை. சமையற்கட்டு வாசலில் நாற்காலி போட்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் காலமான பிறகு மகளோடுதான் இருக்கிறார்.

“தம்பி, அந்த மூடி மூடியிருக்கிறப்ப சரி. தொறந்திருக்கிறப்ப யாரு பாக்குறது?” என்றார்.

நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

“எங்க தோட்டத்துல ஸ்டோருக்குப் பின்னால ஒரு தொட்டி இருந்துச்சி. அதுக்கும் பலகை மூடி உண்டு. நல்ல கனமான மூடி. அன்னைக்குத் தண்ணி எடுக்கத் தொறந்தவங்க, திரும்பவும் எடுக்கணுமேன்னு தொறந்தே போட்டுட்டுப் போயிட்டாங்க. அம்மா பால்மரம் வெட்டப் போயிருந்தாங்க. ஆயாக்கொட்டகையில ஆயாவுக்குக் காய்ச்சல். தம்பிய நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு ஒம்போது வயசு.”

அவ்வளவுதான் சொன்னார். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் குடும்பத்தோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் நான். அண்ணிக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் மகளுக்கும் அன்றுதான் தெரிந்தது.

தானியங்கி மூடி என்ற பெயரில் இருக்கும் “தானியங்கி” கொஞ்சம் ஏமாற்றுகிற சொல். அது தானாக மூடிக்கொள்வதில்லை. ஒருவர் போய்ச் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, உள்ளே யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்து, முழுக்க மூடும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அப்படித்தான் அமைக்கவும் வேண்டும். சுவிட்சு குளம் முழுவதும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். பிறந்தநாள் விருந்தில், குளித்த பிள்ளைகளைத் துவட்டும் பரபரப்பில், ‘அஞ்சு நிமிஷத்தில் திரும்ப வருவோமே’ என்று விட்டுப்போகும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மூடியால் ஒன்றும் செய்ய முடியாது.

வேலி அப்படியல்ல. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்கு வேலி கட்டாயம். உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஏறக் கால்வைக்கும் குறுக்குச் சட்டம் வெளிப்பக்கத்தில் கூடாது. கதவு குளத்துக்கு எதிர்த் திசையில் திறந்து, விட்டதும் தானே சாத்தித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். முக்கியமான சங்கதி, வேலி நான்கு பக்கமும் இருக்க வேண்டும். நம் ஊரில் மதில்சுவர் மூன்று பக்கம் இருக்கிறதே என்று நான்காவது பக்கத்துக்கு வீட்டையே விட்டுவிடுகிறோம். பிள்ளை வருவது வீட்டிலிருந்துதானே? அண்ணன் மகள் வீட்டில் சமையற்கட்டுக் கதவைத் திறந்தால் ஐந்தாவது அடியில் குளம்!

அன்று இரவு பத்து மணிக்கு முடிவானது. முந்திரிக்கொட்டை போயிற்று, குளம் நீள்சதுரமானது. நான்கு பக்கமும் வேலி முதலில். அதற்கான செலவு மூடி விலையில் கால் பங்குகூட வரவில்லை. உருளைக்கான பள்ளமும், விளிம்புக்கு அடியில் தடத்துக்கான இடமும், மின்குழாயும் இப்போதே கட்டிவைப்பது. பள்ளத்துக்கு நல்ல சரிவோடு வடிகால். அதை மட்டும் நானே நின்று பார்த்தேன். முதல் தடவை சரிவு தலைகீழாக இருந்தது, உடைக்கச் சொன்னேன். குத்தகைக்காரர் முகம் கோணினார், அது கிடக்கட்டும். மூடியை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கையில் காசு சேர்ந்ததும் வாங்குவதாக ஏற்பாடு. குளத்தோரம் போடவிருந்த செயற்கை நீர்வீழ்ச்சியை மாப்பிள்ளை தாமாகவே அடித்துவிட்டார்.

இதைக் கேட்ட ஒரு நண்பர், “மூடிக்குக் காசு வருகிறவரை குளத்தையே தள்ளிப்போட்டிருக்கலாமே” என்றார். அதுவும் நியாயமான பேச்சுத்தான். நான் அவர்களிடம் அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் குழி வெட்டியாகிவிட்டது. வெட்டிய குழி மழைக்கு நிரம்பி, வேலியும் இல்லாமல் கிடந்தால் அது இன்னொரு ஈயக்குட்டை.

தைப்பூசத்துக்கு மறுவாரம் குளத்தில் தண்ணீர் விட்டார்கள். நானும் போயிருந்தேன். பேரன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து “தண்ணி, தண்ணி” என்று குதித்தான். தகப்பன் தூக்கிக்கொண்டு போய் இறக்கினார். குளித்து முடித்து எல்லாரும் வெளியே வந்தார்கள். கதவு தானே சாத்திக்கொண்டது. தாழ் விழும் சத்தமும் கேட்டது.

அண்ணி மட்டும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கதவருகே போனார். தடியின் நுனியால் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். பிறகுதான் சாப்பிட வந்தார். ஒவ்வொரு நாள் மாலையும் அப்படித்தான் செய்கிறாராம்.