மசோதா எங்கே நிற்கின்றது?

"சட்டசபையில் மசோதா நிறைவேறியது" எனப் பத்திரிகையிற் கண்ட அன்றே சட்டம் பிறந்துவிட்டதாக எண்ணுவோர் நம்மிற் பலர். வாசகசாலையில் இது பற்றி எழும் வாதங்களைச் சற்றே செவிமடுப்பின், ஒருவர் "சட்டம் வந்துவிட்டது" என்பார். மற்றவர் "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது" என்பார். இருவரும் ஒரே மசோதாவைப் பற்றியே பேசுவர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை இருக்கும். அமைச்சர் மேசையிற் கிடப்பதும் பரிசீலனை. சபையில் வாதத்திற்கு வருவதும் பரிசீலனை. கவர்னர் மாளிகையில் மாதக்கணக்காய் உறங்குவதும், டில்லியில் வருஷக்கணக்காய்த் தங்குவதும் பரிசீலனையே. ஒரே சொல் இத்தனை நிலைகளையும் மூடி மறைக்கின்றது. ஆதலின் மசோதா என்னவாயிற்று என்று கேட்பதினும், அது எங்கே நிற்கின்றது என்று கேட்பதே பயன் தருவதாகும். தமிழ்நாட்டுச் சட்டசபையில் அண்மைக் காலத்தில் வந்த மசோதாக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு இதனை விளக்க முயல்வோம். அவற்றுட் பல மாணவரையும் ஆசிரியரையும் நேரே தொட்டவை.

நம் மாகாணத்திற்கு முன்னர் இரண்டு சபைகள் இருந்தன. மேற்சபை 1986-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதியோடு ஒழிந்தமையால், இப்பொழுது 234 அங்கத்தினர் கொண்ட சட்டசபை ஒன்றே மசோதாவை ஆராய்கின்றது. ஓரிடத்தில் விட்ட பிழையை மற்றோரிடத்தில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லை என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும். அமைச்சரோ, அமைச்சரல்லாத அங்கத்தினரோ சபையின் அனுமதி பெற்று மசோதாவை அறிமுகம் செய்வர். இது முதல் வாசிப்பு; பெரும்பாலும் சடங்கே. இரண்டாம் வாசிப்பிலேதான் உயிர் இருக்கின்றது. அப்பொழுது சபைக்கு மூன்று வழிகள் உண்டு: உடனே ஆராயத் தொடங்கலாம், சில அங்கத்தினர் அடங்கிய பொறுக்குக் கமிட்டிக்கு விடலாம், அல்லது பொதுஜன அபிப்பிராயம் அறியும்பொருட்டு வெளியிற் சுற்றறிக்கையாய் அனுப்பலாம். ஆராயத் தொடங்கின், பிரிவு பிரிவாக எடுத்து, திருத்தங்கள் இருப்பின் அவற்றையும் வாக்குக்கு விட்டு, இறுதியில் முழு மசோதாவையும் நிறைவேற்றுவர். இம்மூன்று வழிகளுள் முதல் வழியே நம் சபைக்கு மிகப் பழகிப்போனது. கூட்டத் தொடரின் இறுதி நாளில் மசோதாக்கள் பல வரிசையாய் வந்து, குரல் வாக்கில் அடுத்தடுத்து நிறைவேறுவதைக் காண்கின்றோம். அதன் விளைவைப் பின்னர்ப் பார்ப்போம்.

சபை நிறைவேற்றிய மசோதா அடுத்துக் கவர்னரிடம் செல்லும். அரசியலமைப்பின் 200-ஆம் ஷரத்து இவ்விடத்தைப் பற்றியது. கவர்னர் சம்மதம் தரலாம், சம்மதத்தை நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் எண்ணத்தை அறிய ஒதுக்கிவைக்கலாம். பண மசோதாவல்லாத ஒன்றை, மீண்டும் ஆராய்க என்னும் செய்தியோடு கூடியவரை விரைவில் சபைக்குத் திருப்பியனுப்பலாம். சபை அதனைத் திருத்தியோ திருத்தாமலோ மறுபடி நிறைவேற்றின், கவர்னர் சம்மதத்தை நிறுத்திவைத்தலாகாது. 'கூடியவரை விரைவில்' என்றதேயன்றி, இத்தனை நாள் என்று எவ்விடத்தும் குறிக்கவில்லை. ஷரத்தை எழுதியோர் கண்ணியத்தை நம்பி விட்ட இடைவெளி அது என்றே கருதுகின்றோம். அந்த இடைவெளியில் வருஷங்கள் புகுந்துகொண்டன.

நாட்களின் அருமையை 2020-ஆம் வருஷத்து நிகழ்ச்சி ஒன்று காட்டும். அரசாங்கப் பள்ளிகளிற் படித்த மாணவருக்கு மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கும் மசோதா அவ்வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி நிறைவேறிற்று. அக்டோபர் நடுவில் நுழைவுத் தேர்வின் முடிவும் வெளிவந்தது. சம்மதமோ வரவில்லை. இடங்களை நிரப்பும் காலம் நெருங்கியது. அரசாங்கம் மேலும் பொறாது அக்டோபர் 29-ஆம் தேதி ஓர் ஆணையாகவே அவ்வொதுக்கீட்டைப் பிறப்பித்தது. மறுநாள் கவர்னரின் சம்மதம் வந்தது. ஒன்றரை மாதமே ஆயினும், கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் சிலருக்கு அது ஒரு வருஷத்துக்குச் சமமாகியிருக்கக் கூடும்.

திருப்பியனுப்பும் முறை ஷரத்தில் எழுதியவாறே நடந்ததும் உண்டு. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மசோதா 2022 அக்டோபர் 19-இல் நிறைவேறி, 2023 மார்ச்சில் திரும்பி வந்து, அம்மாதம் 23-ஆம் தேதி மறுபடி நிறைவேறி, ஏப்ரலிற் சம்மதம் பெற்றது. ஆயின் இடையே, முன்னர்ப் பிறப்பித்த அவசரச் சட்டம் நவம்பரிற் காலாவதியாகிவிட்டமையால், மாதக்கணக்காய்த் தடை என்பதே இல்லாதிருந்தது.

பத்து மசோதாக்களின் கதை இதனினும் நீண்டது. அவற்றுட் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. துணைவேந்தரை நியமிக்கும் உரிமை வேந்தராகிய கவர்னரிடம் இருப்பதா, அரசாங்கத்திடம் வருவதா என்பதே அவற்றின் சாரம். அவற்றுள் இரண்டு 2020-ஆம் வருஷத்திலேயே, முந்திய ஆட்சியிலேயே நிறைவேறியவை. 2023 நவம்பர் 13-ஆம் தேதி கவர்னர் அவற்றுக்குச் சம்மதத்தை நிறுத்திவைத்தார். அம்மாதம் 18-ஆம் தேதி சபை தனியே கூடிப் பத்தையும் அப்படியே மறுபடி நிறைவேற்றியது. 28-ஆம் தேதி அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி இரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அவ்வாறு ஒதுக்கியது செல்லாது என்றும், பத்து மசோதாக்களும் சம்மதம் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றும் தீர்ப்பளித்து, கவர்னருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலவரையறைகளும் விதித்தது. சில நாட்களில் அவை அரசிதழில் சட்டங்களாய் வெளிவந்தன. மே மாதத்திலேயே சென்னை உயர்நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது வேறு.

இவ்வளவோடும் முடியவில்லை. அவ்வருஷம் மே 13-ஆம் தேதி குடியரசுத் தலைவர் பதினான்கு வினாக்களை எழுப்பி உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் விடை தந்தனர். கவர்னருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் நாட்கணக்கு விதிக்க இயலாது; சம்மதம் பெற்றதாகக் கொள்ளும் முறை அரசியலமைப்பில் இல்லை; ஆயினும் மசோதாவைத் திருப்பியனுப்பாமலே நிறுத்திவைத்துக் கிடப்பிற் போடும் அதிகாரம் கவர்னருக்குக் கிடையாது; காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருப்பின், முடிவு செய்க என்று மட்டும் நீதிமன்றம் பணிக்கலாம். இவ்விடைகளை நாம் பலமுறை படித்தோம். நீதிபதிகள் தாம் எழுதாத எண்ணை ஷரத்தில் எழுத மறுத்தது முறையே என்று தோன்றுகின்றது. எனினும் 'நெடுங்காலம்' என்பது எத்தனை காலம் என்று அறியவே ஒவ்வொரு முறையும் வழக்காடவேண்டும் என்பது எளியோர்க்கு உவப்பான நிலை அன்று. இதற்கிடையில் சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டு முதற்கொண்டு நெடுநாள் துணைவேந்தரின்றி ஒரு குழுவின் பொறுப்பில் இருந்தது. மசோதா நிற்கும் இடத்தில் வேறு பலவும் உடன் நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

இனி டில்லிக்குச் செல்லும் மசோதாக்கள். மாகாணமும் மத்திய அரசாங்கமும் ஆகிய இரண்டும் சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலில், மத்திய சட்டத்திற்கு மாறாக மாகாணம் சட்டம் செய்யின், 254-ஆம் ஷரத்தின்படி குடியரசுத் தலைவரின் சம்மதம் பெற்றாலன்றி அது நில்லாது. இங்கே மறுபடி நிறைவேற்றினும் சம்மதம் தந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அவருக்கு இல்லை. ஏறுதழுவுதலுக்கு இடம் தரும் மசோதா 2017 ஜனவரி 23-ஆம் தேதி ஒரே நாளில் நிறைவேறி, அம்மாதம் 31-ஆம் தேதியே சம்மதத்தோடு திரும்பியது. மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வினின்று விலக்குக் கோரும் மசோதாவோ 2021 செப்டம்பர் 13-இல் நிறைவேறி, திருப்பப்பட்டு, 2022 பிப்ரவரி 8-இல் மறுபடி நிறைவேறி, டில்லி சேர்ந்து, சம்மதம் மறுக்கப்பட்டது என்னும் செய்தி 2025 ஏப்ரலிலேதான் சபைக்கு எட்டிற்று. முதன்முறை அது நிறைவேறியபொழுது பள்ளியில் பத்தாம் வகுப்பிலிருந்த மாணவர், விடை வரும்பொழுது கல்லூரியின் முதல் வருஷப் பாடத்தை முடித்துக்கொண்டிருந்தனர். மறுப்பு நன்றா தீதா என்பது வேறு வாதம். மறுக்க மூன்று வருஷம் வேண்டுமா என்பதே நம் வினா.

சபை கலைந்தால் மசோதா என்னாகும் எனச் சிலர் கேட்கின்றனர். சபையின் முன்னரே கிடந்தது சபையோடு மடியும். சபை நிறைவேற்றிச் சம்மதத்திற்குக் காத்திருப்பது மடியாது. கேரளத்து நிலச் சீர்திருத்த மசோதா ஒன்றைப் பற்றிய வழக்கில் 1961-ஆம் வருஷத்தில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது.

காத்திருத்தல் புதிய நோயன்று என்பதற்கு ஒரு பழைய சான்று கூறுவோம். சென்னைச் சட்டசபையில் 1926-ஆம் வருஷம் நியமனம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927-இல் பிரேரணை கொண்டுவந்தார். 1930-இல் மசோதாவும் கொணர்ந்தார். அவ்வருஷமே அவர் சபையினின்றும் விலகிவிட்டார். அவர் கருதிய தடை சட்டமாய் வந்தது 1947-ஆம் வருஷம். இடைப்பட்ட பதினேழு வருஷங்களில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர்க்குப் 'பரிசீலனை' என்னும் சொல் என்ன பொருள் தந்திருக்கும்!

ஆயினும் விரைவு எல்லாம் நன்மை என்று நாம் கூறவில்லை. பின்னர்ப் பார்ப்போம் என்று விட்ட இரண்டாம் வாசிப்புக்கு இப்பொழுது திரும்புவோம். தொழிற்சாலைச் சட்டத்தில் திருத்தம் செய்து, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, கூட்டணிக் கட்சியினரே வெளிநடப்புச் செய்ய, குரல் வாக்கில் நிறைவேறியது. தொழிலாளர் சங்கங்கள் எழுந்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. பொறுக்குக் கமிட்டியின் முன் அமர்ந்து சொல்லியிருக்க வேண்டியதைச் சங்கத்தார் தெருவில் நின்று சொல்ல நேர்ந்தது.

நம்மைப் போன்ற உதவிபெறும் கல்லூரிகளை இன்னும் அணுக்கமாகத் தொட்டது 2025-ஆம் வருஷத்துத் தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா. 2019-ஆம் வருஷத்துச் சட்டம் தனியார் பல்கலைக்கழகத்திற்கு ஒரே தொடர்ச்சியாய் 100 ஏக்கர் நிலம் வேண்டும் என்றது. திருத்தமோ மாநகராட்சி எல்லைக்குள் 25 ஏக்கரே போதும் என்று குறைத்து, இப்பொழுது நடைபெறும் கல்லூரிகளும், உதவிபெறுவன உட்பட, பல்கலைக்கழகமாக மாறலாம் என்று இடம் தந்தது. அவ்வாறு மாறிய கல்லூரியில் அரசாங்கம் சம்பளம் தரும் ஆசிரியரின் நிலை யாது? குறைந்த கட்டணத்திற் சேரும் ஏழை மாணவரின் இடம் யாது? இட ஒதுக்கீடு எவ்வாறு நடக்கும்? இவை எளிய வினாக்கள் அல்ல. மசோதா அக்டோபர் 15-ஆம் தேதி அறிமுகமாயிற்று. 17-ஆம் தேதி நிறைவேறிற்று. ஆசிரியர் ஓய்வறையில் அதன் பிரதியைத் தேடிப் பிடித்துப் படித்து முடிக்குமுன் சபை அதனை முடித்துவிட்டது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தமையால், அம்மாத இறுதிக்குள் அதனைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக உயர்கல்வி அமைச்சர் அறிவித்தார். சபைக்குள் இரண்டு நாளில் எழாத வினாக்கள் வெளியே பத்து நாளில் எழுந்துவிட்டன.