விற்பனைக்குக் கட்டும் வீடு: கடைக்கால் தோண்டும் முன் கவனிக்க வேண்டியவை

நம் வணிகர்களில் பலர் கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, பெருமாநல்லூர், பல்லடம், மங்கலம் பக்கங்களில் இரண்டு மூன்று சென்ட் இடம் வாங்கி, வீடு கட்டி விற்பதிலும் இறங்கியிருக்கிறார்கள். "வீட்டைக் கட்டிப்பார்" என்று பெரியவர்கள் சொன்னது குடியிருக்கும் வீட்டுக்கு. நமக்கோ அதை விற்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு மூட்டைப் பருப்பு போகாவிட்டால் விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம். வீடு தேங்கினால் அப்படிச் செய்ய முடியாது. சரக்கு எடுக்க வேண்டிய பணம் சுவராக நிற்கும், வட்டியோ மாதம் தவறாமல் ஏறும். விற்காத வீட்டுக்காகக் கடையில் அலமாரி காலியாகும் நிலை வரக்கூடாது. அதைத் தவிர்க்கும் வேலை வரைபடத்திலேயே தொடங்குகிறது.

வாங்குபவர் யார்?

நாம் பெரும்பாலும் நமக்குப் பிடித்தபடி வரைகிறோம். பெரிய பூஜை அறை, அகலமான வராந்தா, விருந்தினருக்குத் தனி அறை என்று போகிறது. ஆனால் திருப்பூரில் சிறிய வீடு தேடி வருபவர் யார்? கட்டிங் மாஸ்டர், டெய்லர், சூப்பர்வைசர், கடைச் சிப்பந்தி, சிறிதாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவார்கள். ஆளுக்கொரு இருசக்கர வாகனம் இருக்கும். சில வீடுகளில் பெண்கள் பிசிறு வெட்டும் வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்வார்கள். ஆகவே வண்டி இரண்டு நிற்க இடம், வெளிச்சமுள்ள ஹால், இரண்டு படுக்கையறை, துணி துவைத்துக் காயப்போட இடம் ஆகியவைதான் அவர்கள் முதலில் பார்ப்பவை. மாடிப்படியை வெளியில் வைத்து, மேல்தளம் எழுப்பத் தாங்கும்படி கடைக்காலும் தூண்களும் போட்டால், "பின்னால் மேலே கட்டி வாடகைக்கு விடலாம்" என்ற எண்ணமே விற்பனைக்குத் துணை செய்யும்.

சதுர அடிக் கணக்கு

வெளி அளவு 25 அடிக்கு 30 அடி என்றால் 750 சதுர அடி. நான்கு பக்கமும் 9 அங்குலச் சுவர் போனால் உள்ளே 23½ அடிக்கு 28½ அடி, அதாவது சுமார் 670 சதுர அடிதான். 80 சதுர அடி சுவருக்கே போய்விடுகிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் கார்ப்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர், பால்கனி, வராந்தா, திறந்த மாடி ஆகியவற்றை நீக்கிய அளவு. உட்சுவர்கள் அதில் சேரும். வாங்குபவர் இந்த அளவைக் கேட்டால் தயங்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நடைபாதையும் இப்படித்தான் இடத்தைத் தின்னும். 3 அடி அகலம், 12 அடி நீளம் என்றால் 36 சதுர அடி. கட்டுமானச் செலவைச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 72,000 ரூபாய். அறைக் கதவுகளை ஹாலிலிருந்தே திறக்கும்படி அமைத்தால் அந்த இடம் அறைக்குச் சேரும்.

முக்கிய அறை 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 102 சதுர அடிக்குக் குறையக்கூடாது, அகலம் 2.4 மீட்டராவது வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு. 10 அடிக்கு 10 அடி அறையே இதற்கு இரண்டு சதுர அடி குறைவு. கதவைச் சுவரின் நடுவில் வைக்காமல் மூலையோரம் வைத்தால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் முழுச் சுவர் கிடைக்கும். வரைபடத்திலேயே கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அளவோடு போட்டுப் பார்ப்பது நல்லது.

தண்ணீர், காற்று, வாஸ்து

சமையலறையையும் குளியலறையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் குழாய்ச் செலவு குறையும், பின்னால் பழுது பார்ப்பதும் எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு ஆறு நாளைக்கு 4,050 லிட்டர் வேண்டும். உள்ளளவு 6 அடி, 5 அடி, ஆழம் 5 அடி உள்ள தரைத்தொட்டி சுமார் 4,200 லிட்டர் பிடிக்கும். நம் பகுதியில் குழாய்த் தண்ணீர் தினமும் வரும் என்று நம்பிக் கட்டுவது சரியல்ல. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசும். அது உள்ளே வர ஒரு ஜன்னலும் வெளியேற எதிரே ஒரு ஜன்னலும் இருந்தால் வெக்கை தங்காது.

வாஸ்துவில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது வேறு விஷயம். வாங்குபவர் ஒருவரைக் கூட்டிவந்து பார்ப்பார். தென்கிழக்கில் சமையலறை, தென்மேற்கில் பெரிய படுக்கையறை, வடகிழக்கில் தண்ணீர்த் தொட்டி என்பதை வரையும்போதே கவனித்தால் செலவு ஒன்றுமில்லை. கட்டியபின் மாற்றினால் செலவு அதிகம்.

அனுமதியும் வங்கிக் கடனும்

நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் வீடு வாங்குவார்கள். வங்கி மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை அளப்பார். பக்க இடத்தை விழுங்கி இரண்டடி நீட்டியிருந்தால் கடன் குறையலாம், நின்றே போகலாம். நீட்டியதில் கிடைத்த லாபத்தைவிடக் கைநழுவிய வாடிக்கையாளர் பெரிய நஷ்டம்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புக்குச் சுயச்சான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கியது. நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து வரிசை வீடு கட்டும்போது, நிலம் 500 சதுர மீட்டரை (சுமார் 12⅓ சென்ட்) தாண்டினாலும், வீடுகள் எட்டைத் தாண்டினாலும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதோ முன்பணம் வாங்குவதோ கூடாது. இச்சட்டப்படி வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் விற்றவரே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

ஆகவே உரிமம் பெற்ற பொறியாளரிடம் வரைபடம் வாங்கியதும் உடனே வேலையைத் தொடங்கிவிடாமல், அதை வாங்கக்கூடிய நான்கு குடும்பங்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். காகிதத்தில் ஒரு கோட்டை அழிக்கச் செலவில்லை. சுவரை இடிக்கத்தான் செலவு.