உங்களுக்குத் தெரியுமா? பாலால் ஆனதாயினும் பார்மேசான் சைவமன்று!

இத்தாலியின் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா முதலிய பிரதேசங்களில் தயாராகும் அசல் பார்மேசான் பாலாடைக்கட்டி, பசும்பாலினால் ஆனதேயாயினும், அப்பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்னும் வஸ்துவையே சேர்த்தல் வேண்டுமென்று அதன் விதிகள் நிர்ணயித்திருப்பதால், மயிலாப்பூரின் மரக்கறி இல்லங்களுக்கு அது ஏற்றதன்று.

• தியாகராய நகரிலோ அடையாற்றிலோ பார்மேசான் வகைப் பாலாடைக்கட்டி வாங்குவோர் உறையில் பச்சைப் புள்ளியைத் தேடுக. அஃதிருப்பின் கன்றின் ரென்னெட் இல்லை.

• சுமார் 40 கிலோ எடையுள்ள அசல் பார்மேசான் சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் செல்கிறது. அச்சக்கரம் குறைந்தது 12 மாதம் பக்குவப்படுகிறது.

• அந்த நெடிய பக்குவத்தில் புரதம் சிதைந்து, பழுத்த தக்காளிக்கு ருசியளிக்கும் அதே குளூட்டமேட் அபரிமிதமாகப் பெருகுவதனாலேயே, மழைநாள் இரவில் அடுப்பிலிருந்து இறக்கிய தக்காளிச் சாதத்தின் மேல் ஒரு கரண்டி துருவித் தூவ, அவ்வெளிய உணவு மனத்துக்கு இதமான விருந்தாகிறது. உப்பை மட்டும் முன்பே குறைத்துக்கொள்க.

• பல்லில் நெறுநெறுக்கும் வெண்மணிகள் உப்பல்ல, பெரும்பாலும் டைரோசின் என்னும் அமினோ அமிலம்.

• கடினமான மேல்தோலை எறியவேண்டாம். கொதிக்கும் காய்கறிச் சூப்பில் இட்டால், தன் சாரமனைத்தையும் தந்துவிடும்.