இறுகிப்போன இன்ஜெக்டர்

ஓட்டமாவடி வாவிக்கரையின் உப்புக்காற்று இரும்பை எளிதில் துருவேற்றும். பழைய டீசல் காரில் அத்துருவோடு எரிந்த எண்ணெயின் கரியும் சேர, இன்ஜெக்டர் சிலிண்டர் தலையோடு ஒன்றாய் இறுகிவிடுகின்றது. நெம்புகோலிட்டுத் தூக்கினால் தலை வெடிக்கக்கூடும். அதன் விலையோ இன்ஜெக்டரின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு.

முதலில் சுற்றியுள்ள மணலை நன்கு துடைத்து, எண்ணெய்க் குழாயையும் கவ்வியையும் கழற்றுதல் வேண்டும். காற்றுக் குழல் திறந்திருப்பின் துணியால் அடைத்துவிடுக. உள்ளே விழும் சிற்றாணி ஒன்றே பிஸ்டனைச் சிதைக்கப் போதும். பின்னர் துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஓரிரவு ஊறவிடுக. அவசரக்காரருக்கு இது கசக்கும். மறுநாள் ஸ்பானரால் இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைத்தால் கரி நொறுங்கும். அதன்பின் நேர்மேலாக இழுக்கவேண்டும்.

அடியிலுள்ள செப்பு வளையம் சில வேளை குழியிலேயே தங்கிவிடும். அதன்மேல் புதியதை இட்டால் அழுத்தம் கசிந்து, கரி மீண்டும் இறுகும்.